ஈர மணலை ஸ்டீமில் உலர்த்தப் போகிறீர்களா? டிரையருக்கு முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

மணல் டிரையர் வாங்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பணம் கட்டினால் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் செலுத்த வேண்டிய ஸ்டீம்தான் உங்கள் பணத்தையும் நாளையும் விழுங்கும். பாய்லர், பைப், தண்ணீர், விறகு, ஆள், அனுமதி என்று அதன் பின்னால் ஒரு பட்டாளமே வரும். டிரையர் விற்பவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டார். அவர் கோட்டேஷனில் "ஸ்டீம் சப்ளை: வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோவை வட்டாரத்தில் உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கும் டைல் பசை, உலர் மார்ட்டர் தயாரிப்பவர்களுக்கும் காய்ந்த மணல் கொடுக்கும் சிறு யூனிட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மணிக்கு 5 டன் என்பது கணக்குக்காக. உங்கள் அளவுக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

1. முதலில், ஸ்டீம் தேவைதானா என்று முடிவு செய்யுங்கள்

மணலை மட்டும் உலர்த்துவதுதான் தொழில், ஸ்டீமுக்கு வேறு வேலையே இல்லை என்றால், நேரடியாக நெருப்புக் காற்றில் உலர்த்தும் டிரம் டிரையரே போதும். முதலீடு குறைவு, பாய்லர் சட்டத்தின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. இதை ஸ்டீம் டிரையர் விற்பவரிடம் கேட்டால் வேறு பதில்தான் வரும்.

ஸ்டீம் சரியாக வரும் இடங்கள் சில உண்டு. உங்களிடமோ பக்கத்து ஆலையிலோ பாய்லர் ஏற்கெனவே ஓடுகிறது, ஸ்டீம் மிச்சம் இருக்கிறது என்றால் அது முதல் காரணம். விறகுப் புகையின் கரியும் சாம்பலும் மணலில் கலக்கக் கூடாது என்று வாங்குபவர் கண்டிப்பாக இருந்தால் அது இரண்டாவது. வெள்ளை டைல் பசைக்குப் போகும் மணலில் இது நிஜமான பிரச்சினை. மணல் ஒரே சீரான சூட்டில் வெளியே வர வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

2. மணலின் ஈரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு வாணலி, ஒரு கிராம் துல்லியத்துக்கு நிறுக்கும் தராசு, ஒரு கண்ணாடித் துண்டு போதும். குவியலின் மேல்பகுதியில் அள்ளாதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து 1,000 கிராம் நிறுத்து, வாணலியில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். மணல் கரண்டியில் ஒட்டாமல் உதிரத் தொடங்கியதும் குளிர்ந்த கண்ணாடியை மேலே காட்டுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. படியாத நிலையில் இறக்கி, ஆறவிட்டு நிறுங்கள். 940 கிராம் வந்தால் 60 கிராம் தண்ணீர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த 60 கிராமை 1,000 கிராமோடு ஒப்பிட்டால் ஈரம் 6 சதவீதம். காய்ந்த மணலின் எடையான 940 கிராமோடு ஒப்பிட்டால் 6.4 சதவீதம். இரண்டு முறையும் புழக்கத்தில் உண்டு. கோட்டேஷனில் எந்த அடிப்படை என்று எழுதி வாங்குங்கள். தொடக்க ஈரத்தை ஒரு கணக்கிலும் இறுதி ஈரத்தை இன்னொரு கணக்கிலும் எழுதி, பிறகு உத்தரவாதச் சோதனையின்போது வாதாடுபவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அளவை மழைக்காலத்திலும் எடுங்கள். கழுவிய எம்-சாண்ட் ஐப்பசி மழையில் திறந்தவெளியில் கிடந்தால் வரும் எண் வேறாக இருக்கும். இறுதி ஈரம் எவ்வளவு வேண்டும் என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். மார்ட்டருக்கு அரை சதவீதம் போதும் என்பவர்கள் உண்டு. மணலை அச்சாகப் பிடிக்க ரெசின் என்ற பிசின் கலக்கும் ஃபவுண்டரிகள் 0.2 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டார்கள்.

3. ஸ்டீம் கணக்கைப் போடுங்கள்

பொறியாளர் வைத்திருந்தாலும் இதை நீங்களே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 5,000 கிலோ ஈர மணல், 6 சதவீத ஈரம். அதில் தண்ணீர் 300 கிலோ, மணல் 4,700 கிலோ. இறுதியில் அரை சதவீதம் மிஞ்சலாம் என்றால் ஏறக்குறைய 276 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மணலை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்க 56,000 கிலோ கலோரி. தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 1,67,000. மொத்தம் சுமார் 2,25,000 கிலோ கலோரி. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராக மாறும்போது 490 கிலோ கலோரி தரும். ஆக 460 கிலோ ஸ்டீம். வெளியேறும் காற்றோடும் டிரம்மின் உடம்பு வழியாகவும் போகும் சூட்டுக்குக் கால்பங்கு சேர்த்தால் மணிக்கு 570 கிலோ.

"அப்படியானால் 600 கிலோ பாய்லர் போதும்" என்று ஒருவர் சொல்வார். போதாது. பாய்லரின் பெயர்ப்பலகையில் உள்ள 600 என்பது 'எஃப் அண்ட் ஏ 100' கணக்கு. 100 டிகிரித் தண்ணீரை உள்ளே விட்டு 100 டிகிரி ஸ்டீமாக எடுத்தால் கிடைக்கும் அளவு அது. நீங்கள் 30 டிகிரித் தண்ணீரை விட்டு 7 கிலோ அழுத்தத்தில் எடுக்கிறீர்கள். அதே பாய்லர் அப்போது 515 கிலோதான் தரும். இதற்கு அடுத்து சந்தையில் கிடைக்கும் 850 கிலோ பாய்லர் 725 கிலோ தரும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இப்போது மழைக்காலம். ஈரம் 10 சதவீதமானால் அதே 5 டன்னுக்கு 875 கிலோ ஸ்டீம் கேட்கும். இதற்காகப் பெரிய பாய்லர் வாங்கலாம் என்று தோன்றும். அதற்குப் பதில் மணல் குவியலுக்குத் தகரக் கூரையும் அடியில் சரிவாகக் காங்கிரீட் தளமும் போட்டு இரண்டு நாள் நீர் வடியவிடுங்கள். 6 சதவீத நிலையில் ஒவ்வொரு சதவீத ஈரமும் எரிபொருளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இந்தத் தொழிலில் கூரையைவிட லாபமான இயந்திரம் கிடையாது.

எரிபொருள் செலவையும் இப்போதே பார்த்துவிடலாம். 570 கிலோ ஸ்டீமுக்கு, கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி உள்ள பிரிக்கெட் (விவசாயக் கழிவை அழுத்திச் செய்த எரிகட்டை), 70 சதவீதத் திறன் என்று வைத்தால் மணிக்கு சுமார் 135 கிலோ எரியும். கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டன் மணலுக்கு 215 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். மின்சாரமும் ஆள் கூலியும் இதில் சேரவில்லை.

4. டிரையரின் வகை

ஸ்டீம் டியூப் டிரம்: சுழலும் டிரம்முக்குள் நீளவாக்கில் டியூப்கள், அவற்றுக்குள் ஸ்டீம், வெளியே மணல் புரளும். ஆவியை வெளியேற்றும் அளவுக்கு மட்டும் காற்று போதும். அதனால் ஃபேனும் தூசிப் பிடிப்பானும் சிறியவை. இதன் பலவீனம் தேய்மானம். மணல் இரவு பகலாக டியூபை அரம்போல் ராவும். சாதாரண டியூபா, கனத்த ஷெட்யூல் 80 டியூபா என்று கேளுங்கள். ஒரு டியூப் ஓட்டையானால் அதை மட்டும் அடைத்துவிட்டு ஓட்ட முடியுமா, டிரம்மையே கழற்ற வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

ஃபுளூயிட் பெட்: ஸ்டீம் ரேடியேட்டரில் காற்றைச் சூடாக்கி, மணலுக்கு அடியிலிருந்து ஊதுவது. மணலைத் தொடும் டியூபே இல்லை என்பதால் தேய்மானம் குறைவு. ஆனால் 7 கிலோ அழுத்த ஸ்டீமின் சூடு 170 டிகிரிதான். அதைக்கொண்டு காற்றை 140 டிகிரி வரை ஏற்றலாம். அந்தச் சூட்டில் 5 டன் மணலை உலர்த்த மணிக்குப் பத்து டன்னுக்கு மேல் காற்று வேண்டும். டிரம் வகைக்கு ஆகும் காற்றைப்போல் ஆறேழு மடங்கு. அந்தக் காற்று வெளியேறும்போது சூட்டையும் எடுத்துப்போகும். என் கணக்கில் இது மணிக்கு ஒரு டன், இரண்டு டன் வேலைக்கு ஏற்றது. அதற்கு மேல் மின்கட்டணம் கட்டுப்படியாகாது.

ஸ்டீம் பைப் ஹாப்பர்: பைப் வரிசைகளின் மேல் மணலைக் கொட்டினால் காய்ந்தது மட்டும் இடுக்குகள் வழியே கீழே உதிரும். சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்குச் சில டன் போதும் என்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். களிமண் கலந்த மணலென்றால் பைப்பில் அப்பிக்கொண்டு நின்றுவிடும்.

எந்த வகையானாலும் மணல் 80, 90 டிகிரிச் சூட்டில்தான் வெளியே வரும். அந்தச் சூட்டில் ரெசின் கலக்க முடியாது, பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து மறுபடி ஈரமாகும். எனவே கூலரும் சேர்த்து விலை கேளுங்கள். பல கோட்டேஷன்களில் கூலர் இருக்காது. அதனால்தான் அவை மலிவாகத் தெரிகின்றன.

5. காகிதங்கள்

இவற்றில் எதையும் டிரையர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வரிசையும் முக்கியம்.

முதலில் நிலம். நிலப் பயன்பாடு தொழிலுக்கு உரியதா, கட்டட வரைபட அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்பவர் தரகர்.

அடுத்து தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் நிறுவுவதற்கான இசைவாணையைக் கட்டுமானத்துக்கு முன்பும், இயக்குவதற்கான இசைவாணையை உற்பத்திக்கு முன்பும் வாங்க வேண்டும். கட்டணம் உங்கள் மொத்த முதலீட்டின் அளவைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் பாய்லரின் அளவு, எரிபொருள், சிமினி உயரம், பேக் ஃபில்டர் (துணிப் பைகளால் தூசி பிடிக்கும் கருவி) ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மணிக்கு 2 டன்னுக்குக் குறைந்த பாய்லருக்குச் சிமினி 9 மீட்டர் அல்லது பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு, இதில் எது அதிகமோ அது. பக்கத்தில் 6 மீட்டர் ஷெட் இருந்தால் 15 மீட்டர் சிமினி. அதன் அஸ்திவாரமும் செலவுதான்.

மணலுக்கும் காகிதம் உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கனிமங்களைக் கொண்டுவரவும் இருப்பு வைக்கவும் 2011ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வரும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு, உங்கள் குவியலுக்குப் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் பதிவு. நடைச்சீட்டு இல்லாத மணல் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி உலர்த்திக்கொண்டிருக்கும்போது வண்டியோடு மாட்டினால் மிச்சம் பிடித்த காசு வக்கீலுக்குக் காணாது.

இனி பாய்லர். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் களத்தில் எல்லோரும் இன்னும் 'ஐ.பி.ஆர்.' என்றுதான் பேசுவார்கள், 1950ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளைத்தான் சொல்கிறார்கள். கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைந்தவை, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்தவை, தண்ணீரை 100 டிகிரிக்குள் மட்டும் சூடாக்குபவை தவிர மற்றவை பாய்லர்தான். நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை:

பாய்லருடன் வரும் படிவம் 2, படிவம் 3. பைப்புகளுக்குப் படிவம் 3-ஏ. வால்வுகளுக்கும் பொருத்துகளுக்கும் படிவம் 3-சி. ஹார்டுவேர் கடையில் அவசரத்துக்கு வாங்கிய ஒரு வால்வுக்கு 3-சி இல்லையென்றால் அந்த ஒரு வால்வுக்காக ஆய்வு நின்றுபோகும். பைப்பைப் பற்றவைப்பவருக்கு ஐ.பி.ஆர். வெல்டர் சான்றிதழ் செல்லுபடியாக இருக்க வேண்டும். அதன் நகலை வேலை தொடங்கும் முன்பே வாங்குங்கள். முடிந்த பிறகு ஆள் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

பதிவுக் கட்டணம் பாய்லரின் சூடேறும் பரப்பளவைப் பொறுத்தது. அது பெரிய தொகை இல்லை. காலம்தான் செலவு. பைப் லேஅவுட் வரைபடத்துக்குக் கொதிகலன் இயக்ககத்தின் ஒப்புதல் வாங்கிய பிறகே பைப் வேலையைத் தொடங்க வேண்டும். பின்பு ஆய்வு, ஹைட்ராலிக் சோதனை, ஸ்டீம் சோதனை, சான்றிதழ். வரைபடத்தில் ஒரு வளைவை மாற்றினால்கூடத் திரும்ப அனுப்புவார்கள். ஆகவே டிரையரின் இறுதி அளவு வரைபடம் கையில் கிடைக்கும் வரை லேஅவுட்டைச் சமர்ப்பிக்காதீர்கள். அதை முன்பணம் கட்டிய உடனே டிரையர்காரரிடம் கறாராகக் கேளுங்கள். சான்றிதழ் பொதுவாக 12 மாதம்தான். ஆண்டு ஆய்வுக்குப் பாய்லரை ஆறவிட்டு, திறந்து, சுத்தம் செய்து காட்ட வேண்டும். அந்த நாட்களின் உற்பத்தியை இப்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

சான்று பெற்ற பாய்லர் அட்டெண்டண்ட் இல்லாமல் ஓட்டக் கூடாது. இரண்டு ஷிஃப்ட் என்றால் இரண்டு பேர், விடுப்புக்கு இன்னொருவர். சம்பளக் கணக்கில் இதைச் சேர்க்காமல் திட்ட அறிக்கை எழுதுவது வாடிக்கை. வங்கி மேலாளர் கேட்காவிட்டாலும் நீங்கள் சேருங்கள்.

பழைய பாய்லர் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. திருப்பூர்ப் பக்கம் நல்ல நிலையில் கிடைக்கும், உண்மைதான். பதிவேடு இல்லாமல் வாங்காதீர்கள். பதிவு எண் பாய்லர் உடம்பில் பொறித்திருக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறு மாநிலத்தில் பதிவானது என்றால் ஆவணங்கள் அங்கிருந்து மாறி வர வேண்டும், அதற்குத் தனிக் காலம். மூலதன மானியம் கேட்பதாக இருந்தால் பழைய இயந்திரம் ஒத்துவராது. மாவட்டத் தொழில் மையத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

குறுக்குவழி ஒன்றையும் சொல்வார்கள். ஸ்டீம் பைப்பில் அழுத்தம் 3.5 கிலோவுக்குள் இருந்து, பைப்பின் உள்விட்டம் 254 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்தப் பைப் ஐ.பி.ஆர். வரம்புக்குள் வராது. எனவே அழுத்தத்தை 3 கிலோவுக்குக் குறைத்து ஓட்டலாம் என்பார்கள். சட்டப்படி சரி, பக்கத்து ஆலையிலிருந்து ஸ்டீம் வாங்குபவர்களுக்கு நல்ல வழியும்கூட. ஆனால் 3 கிலோவில் ஸ்டீமின் சூடு 143 டிகிரிதான். மணல் 90 டிகிரியில் இருக்கும்போது 80 டிகிரி இருந்த வித்தியாசம் 53ஆகக் குறைகிறது. அதே வேலைக்கு டியூப் பரப்பளவு ஒன்றரை மடங்கு வேண்டும். டிரையரை ஆர்டர் செய்யும் முன் இந்த முடிவை எடுத்தால் தப்பில்லை. 7 கிலோவுக்கு வாங்கிய டிரையரை 3 கிலோவில் ஓட்டினால் 5 டன் என்பது மூன்றரை டன்னாகக்கூடத் தேறாது.

6. பைப், டிராப், தண்ணீர்

ஸ்டீம் போகும் திசையிலேயே பைப் சரிய வேண்டும், நூறு அடிக்கு ஓர் அடி வீதம். தண்ணீர் தேங்கினால் பைப்புக்குள் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு யாரையும் ஓட்டவிடாதீர்கள், பொருத்துகள் உடைந்து ஆள் வெந்துபோவார்கள். தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு ஸ்டீமைத் தடுப்பது டிராப். மெயின் பைப்பில் தெர்மோடைனமிக் டிராப்பும் டிரையரில் ஃப்ளோட் டிராப்பும் பொருத்தமானவை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தெர்மோடைனமிக் டிராப்பில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால் வித்தியாசம் கேட்கும். விட்டுவிட்டு ஓடினால் வேலை செய்கிறது, இடைவிடாமல் சீறினால் ஸ்டீம் வீணாகிறது.

ஸ்டீம் குளிர்ந்து மாறும் கண்டன்சேட் தண்ணீரைத் தரையில் விடாதீர்கள். அதைத் திரும்பத் தொட்டிக்குக் கொண்டுவந்து பாய்லருக்குப் போகும் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றினால் எரிபொருளில் 8 சதவீதம் மிச்சம். உப்பும் இல்லாத தண்ணீர். போர்வெல் தண்ணீரை அதன் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் இல்லாமல் பாய்லரில் விடுவது பற்றி எழுதவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

7. தூசி

மணலில் உள்ள சிலிக்கா காய்ந்தால் நுரையீரலுக்குப் போகும் தூசியாகிறது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. குணப்படுத்த மருந்து கிடையாது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு வேலை செய்ய விடாதீர்கள். மணல் விழும் ஒவ்வொரு இடத்திலும் மூடியும் உறிஞ்சு குழாயும் வேண்டும். சரியான முகக்கவசம் அதற்கு அடுத்துதான்.

பேக் ஃபில்டரில் ஒரு சிக்கல் உண்டு. டிரையரிலிருந்து வரும் காற்றில் ஆவி நிறைய. குளிர்ந்த பைகளில் அது பட்டதும் தண்ணீராகி, தூசியோடு சேர்ந்து சேறாக அப்பிவிடும். காற்று போகும் டக்டையும் ஃபில்டர் உடலையும் சூடு காக்கும் ராக்வூல் சுற்றி மூடுங்கள். காலையில் மணல் விடும் முன் வெறும் சூடான காற்றை ஓட்டி ஃபில்டரைச் சூடாக்குங்கள். மாலையில் மணல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

8. பணம் கொடுக்கும் வரிசையும் சோதனை ஓட்டமும்

கோட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டியவை: உள்ளே வரும் ஈரம், வெளியே போகும் ஈரம், எந்த அடிப்படை, ஸ்டீம் அழுத்தம், ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ ஸ்டீம், வெளியே வரும் மணலின் சூடு, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, இறக்கும் கிரேன் யார் செலவு. கடைசிப் பத்து சதவீதத்தையாவது சோதனை ஓட்டம் முடியும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை ஓட்டத்தை அவர்கள் கோடையில், காய்ந்த மணலில் நடத்திக் கையெழுத்துக் கேட்பார்கள். மணலுக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு நாள் ஊறவிட்டு, நீங்களே வாணலியில் அளந்த பிறகு உள்ளே அனுப்புங்கள். எட்டு மணி நேரமாவது தொடர்ந்து ஓடட்டும். முதல் இரண்டு மணி நேர அளவுகளைத் தள்ளிவிட்டு மீதியைக் கணக்கில் எடுங்கள். ஸ்டீம் மீட்டர் இல்லையென்றால் கண்டன்சேட்டை ஒரு பீப்பாயில் பிடித்து எடை போட்டாலே ஸ்டீம் அளவு தெரிந்துவிடும். சுழலும் டிரம்முக்குள் ஸ்டீமை விடும் ரோட்டரி ஜாயின்ட்டின் சீல் இரண்டு செட், டிராப் ஒன்று, ஃபில்டர் பைகள் ஒரு செட் இவற்றை அன்றைக்கே அவர்கள் வண்டியிலிருந்து இறக்கி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.